புதுக்கோட்டையா, மதுரையா, உள்ளூரா? பி.எட். சேர்க்கை: வாசகர் கேள்வி பதில்

பட்டப்படிப்பு முடிவுகள் வந்து பி.எட். சேர்க்கை சூடுபிடித்திருக்கும் நேரம் இது. ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: இரண்டு மூன்று ஊர்களில் இடம் கிடைக்கிறது, எதை எடுப்பது? ஊர்ப் பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொருவர் நிலைமையையும் பார்த்தே எழுதியிருக்கிறோம்.

பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். கலந்தாய்வில் புதுக்கோட்டை அரசு கல்வியியல் கல்லூரி கிடைத்திருக்கிறது. மதுரையில் ஒரு சுயநிதிக் கல்லூரியும் ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியும் இடம் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. அப்பா விசைப்படகில் பங்குக்குத் தொழிலுக்குப் போகிறவர். அம்மா, "வீட்டிலிருந்தே போய் வா" என்கிறார். சித்தப்பாவோ, "மதுரையில் படித்தால்தான் மதிப்பு" என்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகி, தங்கச்சிமடம்

புதுக்கோட்டைக்குப் போங்கள். விடுதியில் இடம் கிடைக்குமா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

முதலில் சித்தப்பா சொல்லும் மதிப்பைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும், சுயநிதி என எந்தக் கல்வியியல் கல்லூரியில் படித்தாலும், அது தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததென்றால் பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. இந்த இரண்டிலும் கல்லூரி இருக்கும் ஊருக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அதோடு, விளம்பரத்தில் 'மதுரை' என்று இருக்கும் பல கல்லூரிகள் மாட்டுத்தாவணியிலிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரத்தில் இருக்கின்றன. மதுரையில் தியாகராசர், செயின்ட் ஜஸ்டின் போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்திருந்தால் பேச்சே வேறு. உங்களுக்குக் கிடைத்திருப்பது சுயநிதி இடம்.

தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. இந்த இடங்களுக்கு மதிப்பெண், பாடம், இட ஒதுக்கீடு பார்த்துத்தான் கலந்தாய்வு நடக்கிறது. அதில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, 'அடுத்த சுற்றில் பக்கத்து ஊர் வரும்' என்று காத்திருப்பது வேண்டாம். கணிதத்துக்கு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

பணக் கணக்கைக் கல்விக் கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு ஆண்டுக் கட்டணம், 20 மாத விடுதி அல்லது பஸ் செலவு, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, சார்ட், கற்பித்தல் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். விடுதிக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்தால் 20 மாதத்துக்கு 80,000. அதைச் சேர்த்த பிறகும் அரசுக் கல்லூரி பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரியைவிடக் குறைவாகத்தான் வரும். சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசின் கட்டண நிர்ணயக் குழு கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. உங்களிடம் கேட்கும் தொகை அதைவிடக் கூடுதலாக இருந்தால், எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் எதையும் கட்டாதீர்கள். உங்கள் வீட்டுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கையிருப்பு கரைந்திருக்கும் அந்த நேரத்தை ஒட்டித்தான் முதலாண்டுக் கட்டணமும் வருகிறது, அடுத்த ஆண்டுக் கட்டணமும் வருகிறது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று சேரும் அன்றே பேசிவிடுங்கள். அப்பா மீனவர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. மீன்வளத் துறை அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பெண்ணை வெளியூருக்கு அனுப்புவது லேசான காரியமில்லை. ஆனால் பி.எட். படிப்பு கலைக் கல்லூரிப் படிப்பு மாதிரி இருக்காது. விதிப்படி ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வாரத்துக்கு 36 மணி நேரம். தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் புதிய பேருந்து நிலையம், அங்கிருந்து கல்லூரிக்கு இன்னொரு பஸ். போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து மறுநாளைய பாடத்திட்டம் எழுதி, சார்ட் வரைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை ஒரு மாதம் செய்து பார்த்தவர்கள், அதன் பிறகு ரெக்கார்டை அடுத்தவரிடமிருந்து பார்த்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான், தூரத்துப் பஸ்ஸுக்குப் பொருந்தாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பி.எட். படிப்பின் உயிர் பள்ளிப் பயிற்சியில்தான் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிகளின்படி மொத்தம் 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வேண்டும். ஆயிரம் பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஒரே நேரத்தில் பத்துப் பயிற்சி ஆசிரியர்களுக்கு மேல் அனுப்பக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. இது மீறப்படும்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். இருநூறு பிள்ளைகள் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் பதினைந்து பேர் போனால், ஆளுக்கு வாரத்தில் இரண்டு பீரியடுகூடக் கிடைக்காது. மீதி நேரத்தில் ஆசிரியர் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்வது, பதிவேடு எழுதுவது, மதிய உணவு வரிசையைக் கவனிப்பது என்று 16 வாரம் ஓடிவிடும். எட்டாம் வகுப்புக்குப் பின்னத்தை ஒருமுறைகூட முழு அலகாக நடத்தாமல் பட்டம் வாங்கிவிடுவீர்கள்.

பள்ளிக்குப் போவதற்கு முன்னால் நடக்க வேண்டியது நுண்ணிலைக் கற்பித்தல், நீங்கள் 'மைக்ரோ டீச்சிங்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் நாட்டில் கையாளப்படும் முறையில் ஒரு சுற்று 36 நிமிடம். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் குறை நிறை சொல்வது, 12 நிமிடம் பாடத்தைத் திருத்தி அமைப்பது, மறுபடி 6 நிமிடம் பாடம், கடைசி 6 நிமிடம் மறுபடி குறை நிறை. ஒரு சுற்றில் ஒரே ஒரு திறன்தான்: கரும்பலகையில் எழுதுவது, கேள்வியைத் துருவிக் கேட்பது, பாடத்தைத் தொடங்குவது என்று ஏதாவது ஒன்று. பல இடங்களில் முதல் 6 நிமிடத்தோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். திருத்தி மறுபடி நடத்தும் அந்தப் பாதிதான் பயன் தருவது, அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தான் கரும்பலகையை மறைத்து நின்றதும், விடை வருவதற்குள் தானே சொல்லிவிட்டதும் இரண்டாவது முறை நின்று நடத்தும்போதுதான் உறைக்கும்.

ஆகவே மூன்று கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டு படிக்கும் கணித மாணவி ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். எந்தப் பள்ளிக்கு எத்தனை பேராகப் போனீர்கள், கல்லூரிப் பேராசிரியர் எத்தனை முறை வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், மைக்ரோ டீச்சிங்கில் மறுபடி நடத்தச் சொன்னார்களா என்று கேளுங்கள். முதல்வர் அறையில் கிடைக்காத பதில் இதில் கிடைக்கும். கணிதம் கற்பித்தலுக்கென்று தனிப் பேராசிரியர் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இயற்பியல்காரரே கணிதத்தையும் பார்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு.

புதுக்கோட்டை ரயிலுக்கும் தோதான ஊர். ராமேசுவரத்திலிருந்து சென்னை போகும் சேது எக்ஸ்பிரஸ் மானாமதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத்தான் போகிறது. விடுதி கிடைக்கவே இல்லை, வீட்டில் உங்களை விட்டால் ஆளில்லை என்றால் மட்டும் ராமநாதபுரம் கல்லூரியை எடுங்கள். அப்போதும் மேலே சொன்ன எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

பி.ஏ. வரலாறு தமிழ் வழியில் முடித்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிதான். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் வழி பி.எட்., மதுரையில் ஆங்கில வழி பி.எட். கிடைக்கிறது. ஆங்கில வழி என்றால் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், சாயல்குடி

அரசுப் பள்ளி வேலைதான் குறி என்றால் தூத்துக்குடியை விடாதீர்கள்.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2010-ல் வந்த சட்டம். 2020-ல் அதைத் திருத்தியபோது, பணிக்குரிய கல்வித் தகுதி வரை எல்லாப் படிப்பையும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு பி.எட். கட்டாயத் தகுதி. எனவே பள்ளி, பட்டம் எல்லாம் தமிழில் படித்துவிட்டு பி.எட்.டை மட்டும் ஆங்கிலத்தில் படித்தால், பதினைந்து ஆண்டு சேர்த்த உரிமை அந்த இரண்டே ஆண்டில் கைவிட்டுப் போய்விடும். பி.எஸ்சி.யை ஆங்கில வழியில் முடித்த அறிவியல் பட்டதாரிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு அந்த ஒதுக்கீடு ஏற்கனவே இல்லை. உங்களுக்கு இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆங்கில வழிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, 'தேர்வைத் தமிழில் எழுதிக்கொள்ளலாம்' என்று யாராவது சொல்வார்கள். பயிற்றுமொழி என்னவென்று பார்ப்பார்களே தவிர, விடைத்தாளை எந்த மொழியில் எழுதினீர்கள் என்று பார்க்க மாட்டார்கள். சேரும்போதே, 'பி.எட். முடித்ததும் தமிழ் வழிச் சான்று தருவீர்களா' என்று அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒன்று முதல் பத்து, மேல்நிலை, பட்டம் ஆகியவற்றுக்கான சான்றுகளை அந்தந்தப் பள்ளி, கல்லூரியிலிருந்து இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியரைத் தேடி ஓடுகிறவர்கள் நிறைய.

ஆங்கிலம் பேசி நடத்த வர வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் இருக்கின்றன. பள்ளிப் பயிற்சியில் அந்தப் பிரிவில் சில பாடங்கள் கேட்டு வாங்கி நடத்துங்கள். சாயல்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தூத்துக்குடி நேர் வழி. மதுரையைவிட வீட்டுக்கு வந்து போவதும் சுலபம்.

வாப்பா சவூதியில் இருக்கிறார். பக்கத்து மாநிலம் ஒன்றில், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும், ரெகுலர் பி.எட். சான்றிதழே கிடைக்கும் என்று ஓர் ஏஜென்ட் சொல்கிறார். உள்ளூர்க் கல்லூரியிலும் இடம் இருக்கிறது. வீட்டில் ஏஜென்ட் சொல்வதுதான் வசதி என்கிறார்கள்.
– வாசகி, கீழக்கரை

வேண்டாம். வாப்பாவிடம் இதைக் காட்டியே சொல்லுங்கள்.

ரெகுலர் பி.எட். என்றால் 90 சதவீதப் பள்ளிப் பயிற்சி இருந்தாக வேண்டும். நீங்கள் கீழக்கரையில் இருந்துகொண்டு வேறு மாநிலப் பள்ளியில் 16 வாரம் பாடம் நடத்தியதாகப் பதிவேடு எழுதினால், அது பொய்ப் பதிவேடு. பணி நியமனத்தின்போது சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி உண்மைத்தன்மை கேட்பார்கள். அதே இரண்டு ஆண்டுகளில் நீங்கள் ஒரு தனியார் பள்ளியில் சம்பளம் வாங்கியதாகவோ வேறு படிப்பு படித்ததாகவோ ஆவணம் இருந்தால், கேள்வி உங்களிடம்தான் வரும். ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

எந்த மாநிலக் கல்லூரியானாலும் பார்க்க வேண்டிய முறை இது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கும். அதில் கல்லூரியின் பெயர், ஊர், பி.எட். என்ற படிப்பு, அனுமதித்த இடங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு யூனிட்டுக்கு 50 பேர். கல்லூரி 50 இடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு 100 பேரைச் சேர்த்திருந்தால், பின்னால் மாட்டிக்கொள்பவர் மாணவர்தான். அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள், அதில் உள்ள பெயரும் முகவரியும் நீங்கள் நேரில் பார்த்த கட்டடத்தோடு பொருந்த வேண்டும். ஓர் அறக்கட்டளை மூன்று கல்லூரி நடத்தும், அனுமதி ஒன்றுக்குத்தான் இருக்கும். பிறகு பல்கலைக்கழகத்தின் இணைவுப் பட்டியலில் இந்த ஆண்டுக்கு அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம், இணைவு இரண்டும் வேண்டும்.

உள்ளூர்க் கல்லூரிக்கும் இதே சோதனையைச் செய்துவிட்டுச் சேருங்கள். பக்கத்தில் இருப்பதாலேயே நல்லது என்று சொல்லிவிட முடியாது, வகுப்புக்கு வரச் சொல்கிற கல்லூரியா என்பதைப் பாருங்கள்.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், ஆசிரியர் ஆக வேண்டும் என்கிறாள். மைசூரில் நான்கு ஆண்டுப் படிப்பு, மஞ்சூரில் இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சி, அல்லது ராமநாதபுரத்திலேயே டிகிரி முடித்துப் பிறகு பி.எட். மூன்றில் எது?
– ஒரு தந்தை, தேவிபட்டினம்

மகள் எந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர விரும்புகிறாள் என்று முதலில் கேளுங்கள் ஐயா. ஒன்று முதல் ஐந்து வரை என்றால் டி.எல்.எட். என்னும் இரண்டு ஆண்டு பட்டயப் படிப்புதான் வழி, அதைத்தான் மஞ்சூர் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் நடத்துகிறார்கள். பி.எட். முடித்தவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பு சொல்லிவிட்டது. 'பி.எட். போட்டால் எல்லா வகுப்புக்கும் போகலாம்' என்ற பழைய பேச்சு இனி செல்லாது. டி.எல்.எட். முடித்தவர் டெட் முதல் தாள் எழுத வேண்டும். பிறகு டிகிரி சேர்ந்து மேலே போகவும் வழி இருக்கிறது.

ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் மற்ற இரண்டு வழிகள். மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனம், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி. நடத்துவது, 1963-ல் தொடங்கியது. வளாகத்துக்குள்ளேயே மாதிரிப் பள்ளி இருப்பதால் பயிற்சிக்குப் பள்ளி தேடி அலைய வேண்டாம். பட்டமும் பி.எட்.டும் சேர்ந்து நான்கே ஆண்டில் முடிவதால் ஓர் ஆண்டு மிச்சம். நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும், பாடம் ஆங்கிலத்தில். ஒருங்கிணைந்த நான்கு ஆண்டு ஆசிரியர் படிப்பு திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, அதற்கும் தேசிய அளவில் பொது நுழைவுத் தேர்வு உண்டு. தேவிபட்டினத்துக்கு மைசூருவைவிடத் திருவாரூர் எவ்வளவோ பக்கம்.

பதினேழு வயதில் 'ஆசிரியர்தான்' என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு நான்கு ஆண்டுப் படிப்பு நல்லது. இரண்டாம் ஆண்டில் மனம் மாறினால் விட்டு வெளியேறுவது சிரமம். அந்த உறுதியில் சந்தேகம் இருந்தால் டிகிரியை முடிக்கட்டும், பி.எட். எங்கும் ஓடிவிடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பி.எட். சேர டிகிரியில் பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 சதவீத மதிப்பெண் வேண்டும். டிகிரியில் தேறினால் போதும் என்று படித்துவிட்டு இங்கே வந்து நிற்பவர்கள் உண்டு.

சுயநிதிக் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். இப்போது அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் வந்திருக்கிறது. பழைய கல்லூரியில் பணத்தையும் தர மறுக்கிறார்கள், டி.சி., மதிப்பெண் சான்று அசலையும் தர மறுக்கிறார்கள்.
– வாசகர், பாம்பன்

அசல் சான்றிதழைப் பிடித்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. சரிபார்த்த பிறகு அசலைத் திருப்பித் தந்துவிட வேண்டும். பணத்துக்கும் அதில் அளவு உண்டு. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுப் பணம், அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. அதற்கும் பிறகு ஒன்றும் இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் உங்களுக்குப் பணம்தான்.

வாயால் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 'இன்ன தேதியில் விலகுகிறேன்' என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, ரசீது நகலை இணைத்து, முதல்வருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மின்னஞ்சலும் போடுங்கள். விலகிய தேதிக்கு அதுதான் சாட்சி. ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் கல்வியியல் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும், மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும் புகார் கொடுங்கள். இதற்கிடையில் புதிய கல்லூரிக்கு நேரில் போய் நிலைமையைச் சொல்லி, அசல் சான்றுகளைத் தர எழுத்து மூலம் அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள். பலரும் பழைய கல்லூரி வாசலிலேயே நின்று புதிய இடத்தின் கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்கள்.

எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருக்கிறேன், ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. காரைக்குடியில் இடம் கிடைக்கிறது. ஓராண்டு பி.எட். வரப்போகிறது என்கிறார்களே, காத்திருக்கலாமா?
– வாசகி, தொண்டி

தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில் முதுகலை முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். இருந்தது உண்மை. வரைவை நம்பி ஓர் ஆண்டைக் கழிக்காதீர்கள். விதி இறுதியாகி, கல்லூரிகள் அனுமதி வாங்கி, பல்கலைக்கழகம் பாடத்திட்டம் போட்டு, முதல் அணி வெளிவர வேண்டும். கையில் இருக்கும் இடத்தில் சேருங்கள். குழந்தையை நினைத்துப் பயப்பட வேண்டாம், இரண்டு ஆண்டுப் படிப்பை முடிக்க விதிப்படி மூன்று ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது. தொண்டியிலிருந்து திருவாடானை, தேவகோட்டை வழியாகத் தினமும் போய் வருவதைவிட, 16 வாரப் பள்ளிப் பயிற்சியை மட்டும் திருவாடானை பக்கத்துப் பள்ளியில் செய்ய அனுமதி தருவார்களா என்று கல்லூரியில் கேளுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டியிருக்கும், மாவட்டம் வேறு என்பதால் விண்ணப்பத்தை இரண்டு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.